கல் கீழே வருவதற்குள்

என் அக்காவிடம் எதைக் கேட்டாலும் ஒரு மூச்சு விட்டுத்தான் பதில் வரும். பசிக்கிறதா என்றால்கூட, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்ததுபோல நிதானமாகச் சொல்வாள். நான் நேர்மாறு. வகுப்பில் நான் பட்டென்று சொன்ன தப்பு விடைக்கு வாத்தியாரே சில நாள் "கரெக்ட், உக்காரு" என்றிருக்கிறார்.

முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் வேங்கிக்காலில் புதுவீடு கட்டியவர்கள். "வயசு இன்னாம்மா ஆவுது?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. பள்ளியில் சேர்க்கும்போது அப்பா ஒரு வயது கூட்டிப் போட்டிருந்தார். எதைச் சொல்வது என்று அக்கா தயங்கி, கடைசியில் உண்மையான வயதையே சொன்னாள். அதற்குள் கேசரித் தட்டுகள் கீழே இறங்கிவிட்டன. மறுநாள் தரகர் வந்து, "வயச மறைக்கிறீங்கன்னு பேசிக்கறாங்க" என்றார். அடுத்து வந்தவர்கள், மனதில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். அக்கா திகைத்து நின்ற அந்த ஒரு நொடி தெருவெல்லாம் பேச்சாகிவிட்டது. "இனிமே யாருடி வருவாங்க?" என்று அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

அப்புறம்தான் அக்காவை என்னிடம் ஒப்படைத்தார்கள். எனக்குப் பதினோரு வயது. என் வாய்க்கொழுப்பு முதல்முறையாக வீட்டுக்கு உபயோகப்பட்டது. அஞ்சாங்கல் ஆடுகிற கல்லை மேலே எறிந்து கேள்வி கேட்பேன். அது என் கைக்குத் திரும்புவதற்குள் அவள் பதில் சொல்லிவிட வேண்டும். சமைப்பியா? சமைப்பேன். ஒடம்புக்கு ஏதாவது? ஒண்ணும் இல்ல. யோசித்தால் தலையில் ஒரு குட்டு.

"யோசிச்சா பொய்னு நெனச்சுக்குவாங்கக்கா!"

"யோசிக்காம எப்டிடி நெஜம் வரும்?" என்றாள் ஒருநாள். அதற்கும் ஒரு குட்டு வைத்தேன். ஒரே மாதத்தில் தேறிவிட்டாள்.

மூன்றாவதாகக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தார்கள். "எங்க பையனப் புடிச்சிருக்கா..." என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டு முடிக்கவில்லை, "புடிச்சிருக்குங்க" என்றாள் அக்கா. அவள் இன்னும் தலையைத் தூக்கி அவனைப் பார்க்கவே இல்லை. "மனசுல இருக்கறது எப்டி பட்னு வந்துச்சு பாரு" என்று அந்த அம்மாள் பூரித்துப்போனார். எனக்கு இரண்டு தட்டு கேசரி கிடைத்தது.

அந்த வீட்டில் அக்கா பட்டதை எழுத எனக்குக் கை வரவில்லை. தலை தீபாவளிக்கு வந்தபோது பாதியாக இளைத்திருந்தாள். அம்மா வாசலிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா வெச்சுக்கறாங்களாடி?" என்றாள். "நல்லா வெச்சுக்கறாங்கம்மா" என்று உடனே வந்தது பதில். அம்மா நிம்மதியாக எண்ணெய் காய்ச்சப் போனாள்.

"நெஜமாவாக்கா?" என்றேன் நான், சும்மா விளையாட்டுக்கு.

அவள் பழையபடி ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பாடத்தை மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று, பாவாடைப் பையிலிருந்த கல்லை எடுத்து மேலே எறிந்தேன். அது இறங்குவதற்குள், "நெஜமாத்தான்டி" என்றாள்.

அக்கா ஜெயித்துவிட்டாள் என்று கைதட்டினேன். அவள் சொல்ல வந்தது வேறு என்று எனக்குத் தெரியவில்லை.