துண்டறிக்கையில் நான் அடித்த வரி

தாய்ப்பால் ஆலோசகர் வேலை என்பது, பிள்ளை பெற்றவளின் கட்டிலுக்கும் அவள் மாமியாருக்கும் நடுவே ஸ்டூல் போட்டு உட்காருவது. வார்டு வார்டாக வாய் வலிக்கப் பேசும் என் சக தோழிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் இந்த வேலைக்கு வருமுன் முப்பது வருஷம் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் சங்கக் கொடி பிடித்தவள், படித்ததெல்லாம் துண்டறிக்கைதான். பஸ் நிலையத்தில் பாலூட்டும் அறை கேட்டு உண்ணாவிரதம் இருந்தேன். அறை வந்தது, கல்வெட்டில் என் பெயர் வரவில்லை. இப்போது அதில் துடைப்பம் வைத்திருக்கிறார்கள்.

எந்தப் பக்கம்?

எங்கள் வார்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் துண்டறிக்கை நான் எழுதியது. கடைசி வரி: 'பால் இல்லாத தாய் இல்லை, முயலாத தாய்தான் உண்டு.' கோஷம் போல இருக்க வேண்டுமென்று இரண்டு நாள் யோசித்த வரி.

செவிலிமேட்டு நித்யாவுக்கு சிசேரியன் ஆகி மூன்றாம் நாள். குழந்தை அழுதது, அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் வெந்நீர் வாங்கப் போன நேரத்தில் என் கையைப் பிடித்தாள். கல்யாணத்துக்கு முன்பு, மார்பு எடுப்பாகத் தெரிய, ஆபரேஷன் செய்து உள்ளே சிலிகான் பை வைத்துக்கொண்டாளாம். கணவனுக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது. பிறகு சுவரைக் காட்டிக் கேட்டாள்: "அக்கா, முயற்சி பண்ணியும் வரலன்னா நான் எந்தப் பக்கம்? எழுதினவங்க அத போடலியே."

எழுதியது யார் என்று நான் சொல்லவில்லை.

டாக்டரிடம் வாங்கியது

சிலிகான் பாலில் கலந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் மகள் வயது டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். பை இருப்பது பால் சுரப்பிக்குப் பின்னால். அதனால் பால் கெடும் என்று பயப்பட வேண்டாம். கத்தி எங்கே பட்டது என்பதுதான் விஷயம். மார்புக்கு அடியில் கீறியிருந்தால் பால் குழாய்கள் பெரும்பாலும் தப்பிக்கும். நித்யாவுக்குக் காம்பைச் சுற்றிக் கீறியிருந்தார்கள்; அதில் சில குழாய்கள் அறுபட்டிருக்கலாம். அடிக்கடி வாயில் வைத்து, எத்தனை முறை சிறுநீர் போகிறது, எடை ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

நான் விடவில்லை. "வருமா, வராதா? நிச்சயமா ஒண்ணு சொல்லுங்க டாக்டர்."

"நிச்சயம் வேணும்னா உங்க துண்டறிக்கைய படிங்கம்மா. நான் வெறும் டாக்டர்."

சத்தம் குறைந்த நாள்

மாமியார் முசரவாக்கத்துக்காரர், விவசாயக் குடும்பம். வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "எதிர்க் கட்டில்ல பாரு, புள்ள பொழுதுக்கும் குடிச்சிக்கினு இருக்குது. இவளுக்கு மட்டும் இன்னாவாம்?"

நித்யாவின் கண் என்னைக் கெஞ்சியது. எங்கள் சங்கத்தில் ரகசியம் என்றால் சாயங்காலத்துக்குள் போஸ்டர் ஆகிவிடும். ரகசியம் காப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. "ஆபரேஷன் ஆன உடம்பு, கொஞ்சம் நேரமாகும்" என்று மட்டும் முணுமுணுத்தேன்.

மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஊர்வலத்துல நீ போட்ட சத்தம் எங்க ஊரு வரைக்கும் கேக்கும். இன்னிக்கு இன்னா கொசு மாதிரி பேசற? ஏதோ இருக்குது."

ஒப்பந்தம்

ஐந்தாம் நாள் வலது பக்கம் பால் இறங்கியது. இடது பக்கம் கடைசிவரை வேலைநிறுத்தம். எடை போதவில்லை. தாய்ப்பால் கொடுத்தபின் பாலாடைக் கிண்ணத்தில் கொஞ்சம் பவுடர் பாலும் ஊட்டச் சொன்னார் டாக்டர். பாதிக் கோரிக்கைக்கு நான் கையெழுத்துப் போட்டதே கிடையாது. அன்று பாலாடையை நானே கழுவிக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து எடை பார்க்க வந்தார்கள். நித்யாவே வீட்டில் எல்லாம் சொல்லிவிட்டாளாம். நான் மாமியாரைச் சமாதானப்படுத்தத் தொண்டையைக் கனைத்தேன். அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "எனக்கு மேல் வரிசை மொத்தமும் பல் செட்டு. அத எவனாவது கேட்டானா? புள்ள எடை ஏறிச்சா, அத சொல்லு."

ஏறியிருந்தது. நித்யா முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டு அழுதாள். நான் பேனாவை எடுத்து, சுவரில் இருந்த கடைசி வரியைக் குறுக்கே அடித்தேன்.

பின்னாலிருந்து நித்யா கேட்டாள்: "அக்கா, எழுதினவங்க கோச்சிக்க மாட்டாங்களா?"

முப்பது வருஷத்தில் ஒரு கோரிக்கையைக்கூடத் திரும்பப் பெறாதவள் நான், மூன்றரைக் கிலோ குழந்தையிடம் ஒரு வரியை வாபஸ் வாங்கியிருக்கிறேன்; இதற்கும் எனக்குக் கல்வெட்டு கிடையாது.