கோயிலில் நான் கலந்த மணல்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆரணியில் அரிசி மில், கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியபோது ஷெட்டுகள், அதற்கும் முன்னால் எங்கள் ஊர் மாதா கோயில், எல்லாம் என் காண்ட்ராக்டில் எழும்பியவை. படித்த இன்ஜினியர்களே என்னிடம் யோசனை கேட்டார்கள்.

கோயில் வேலையின்போது மழையால் ஆற்று மணல் வரவில்லை. திருவிழாவுக்குள் முடித்துக்காட்டும் வீம்பில், பழவேற்காட்டு ஏரிக்கரையின் உப்பு மணலை யாருக்கும் தெரியாமல் கலந்துவிட்டேன். மறு வருஷமே காரை பொரிந்து மாதா சுரூபத்தின்மேல் விழுந்தது.

"அந்தோணி கட்ன லட்சணத்தப் பாரு" என்று ஊர் என்னிடம் வேலை செய்த கொத்தனாரைப் பார்த்துச் சிரித்தது. நான் வாய் திறக்கவில்லை. வேலை கிடைக்காமல் அவன் ஊத்துக்கோட்டைப் பக்கம் குடிபோனான்.

தவக்காலம் தோறும் பாவசங்கீர்த்தனத்தில் கோபம், பொய் என்று சில்லறைப் பாவங்களையே சொல்லிவந்தேன். பல வருஷம் கழித்துத்தான் இதைச் சொன்னேன், அழுதுவிட்டேன்.

"ஆண்டவர் மன்னிப்பாருப்பா. அந்தோணியாண்டயும் போய்ச் சொல்லு" என்றார் சாமியார்.

போனேன். அந்தோணியை அடக்கம் செய்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவன் பெண்சாதியிடம் சொன்னேன்.

"இன்னாண்ணே, இத்த இப்ப வந்து சொல்றியே! 'ஒழுங்காத்தான் கட்னேன்'னு சொல்லிக்கினே பூட்டாரு. நான்கூட நம்பலியே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பாவத்தைச் சொன்னதில் என் ஆத்துமம் தப்பியிருக்கலாம். தாமதித்துச் சொன்னதில் அவன் மானம் தப்பவில்லை.

அந்தக் கோயிலைப் பற்றி யார் எழுதினாலும், கட்டியது நான் என்று போடுங்கள். உப்பு மணல் கலந்ததும் நானே என்று அதே வரியில் போடுங்கள். அந்தப் பங்கு வேறு யாருக்கும் போகக்கூடாது.