மேல்மாடிப் பெருமாள்

நாமகிரி டீச்சருக்கு மத்தியானம் என்றாலே பயம். காலையில் கணக்கும் தமிழும் ஒருவழியாக ஓடிவிடும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும் சமயபாடம். மேலே ஓடு, வெளியே உத்திரமேரூர் வெயில். நரசிம்மர் தூணைப் பிளந்துகொண்டு புறப்படுகிற கட்டத்தில்கூட இரண்டு பேர் குறட்டை விட்டார்கள்.

கல்யாணமான இரண்டாம் வருஷமே கணவனை இழந்தவள் நாமகிரி. மாகறலில் அண்ணன் வீட்டில், அண்ணி ஏவிய வேலையெல்லாம் செய்துகொண்டே, அடம்பிடித்து ஆசிரியப் பயிற்சி முடித்தாள். பள்ளிக்கூடத்து மானேஜர் ஜெகந்நாதன் அவளைச் சேர்த்துக்கொண்டபோதே சொல்லிவிட்டார்.

“இது ஒரு வருஷத்துக்குத்தாம்மா. இன்ஸ்பெக்டர் வாயால நல்ல டீச்சர்னு வரட்டும், வேலை உனக்கே. இல்லேன்னா மாகறலுக்கு பஸ் இருக்கு.”

பஸ் இருப்பது அவளுக்கும் தெரியும். அந்த பஸ்ஸில் ஏறாமல் இருக்கத்தான் இத்தனை பாடு.

அந்த ஊர்க் கோயிலில் பெருமாள் கீழே நிற்பார், நடுமாடியில் உட்கார்ந்திருப்பார், மேல்மாடியில் படுத்திருப்பார். ஒருநாள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, சேட்டு என்கிற பொடியன் கொட்டாவி விட்டபடி கேட்டான்.

“டீச்சர், பெருமாளு சாப்ட்டுட்டுத்தான் மாடிக்குப் போயி படுத்துக்கினாரா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு ஒரு யோசனையும் வந்தது. மறுநாளிலிருந்து வகுப்பு மூன்று வரிசையானது. முதல் வரிசை இடுப்பில் கை வைத்து நிற்கும். இரண்டாவது சம்மணம் போட்டு உட்காரும். மூன்றாவது தலைக்குக் கை கொடுத்துப் படுக்கும். அப்படியே கதை கேட்க வேண்டும். அவள் தன் வீட்டுப் பூஜை மணியைக் கொண்டுவந்து கிணுகிணுவென்று அடித்தால்தான் பெருமாள் அசையலாம். தூக்கம் வந்தவன் படுத்துக்கொண்டான், மற்றவர்கள் கதை கேட்டார்கள். சண்டை மட்டும் ஓயவில்லை.

“டீச்சர், இன்னிக்கி நான் மேல்மாடி!”

“நேத்தே நீதான படுத்துக்கினே? எழுந்து கீய வாடா!”

“நிக்கறவருக்குத்தான் மொதல் தீபாராதனை” என்று சொல்லிச் சொல்லி அவள் கீழ்த்தளத்துக்கு ஆள் பிடித்தாள்.

பங்குனியில் இன்ஸ்பெக்டர் வேதகிரி வந்தார். அன்றைக்கு விளையாட்டே வேண்டாம் என்று முடிவு செய்து, நாமகிரி மணியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். ஆனால், அதைப் பிள்ளைகளிடம் சொல்ல மறந்துபோனாள். மத்தியானம் ஹெட்மாஸ்டர் வேதாந்தம் அவளை அறைக்கு அழைத்து, “ஒண்ணும் பயப்படாதேம்மா” என்று சொல்லி இன்ஸ்பெக்டரோடு அனுப்பிவைத்தார்.

வகுப்பு வாசலில் இன்ஸ்பெக்டர் நின்றுவிட்டார். உள்ளே ஒரு வரிசை நின்றது, ஒரு வரிசை உட்கார்ந்திருந்தது, ஒரு வரிசை கண்ணை மூடிக் கிடந்தது.

“இது வகுப்பா, ஆஸ்பத்திரியா?”

அவரே உள்ளே வந்து அதட்டினார்.

“எழுந்திருங்கடா!”

ஒரு பெருமாளும் அசையவில்லை. நடுமாடியிலிருந்த சுலோச்சனா கண் இமைக்காமல் உதட்டை மட்டும் அசைத்தாள்.

“கத்தாதீங்க சார். மேல பெருமாளு தூங்கறாரு.”

“எப்போ எழுந்திருப்பார்?”

“மணி அடிச்சாத்தான்.”

இன்ஸ்பெக்டர் திரும்பினார். “மணி எங்கேம்மா?”

பயத்தில் நாமகிரிக்குத் தன் வீட்டுப் பேச்சுதான் வாயில் வந்தது. “ஆத்துல இருக்கு, சார்.”

“ஆத்துலயா?” இன்ஸ்பெக்டரின் புருவம் நெற்றிக்கு ஏறியது. “மணியை ஏம்மா ஆத்துல போட்டீங்க?”

இடுப்பில் வைத்த கையை எடுக்காமலே முத்துவேல் கலவரமானான். “செய்யாத்துலயா டீச்சர்? இப்பத் தண்ணியே இல்லியே. எங்க நைனா கைல சொன்னா மணல நோண்டி எடுத்தாந்துடும்!”

“ஐயோ, அந்த ஆறு இல்லேடா! எங்க ஆம்... வீடுடா, வீடு!”

“வூட்ட ஏன் டீச்சர் ஆறுன்றீங்கோ?” என்று சுலோச்சனா நியாயம் கேட்டாள்.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு வெளியே போய், மரத்தில் கட்டியிருந்த தண்டவாளத் துண்டைச் சுத்தியலால் அடித்தார். தூங்குகிற பெருமாளாயிற்றே என்று விடாமல் நெடுநேரம் அடித்தார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் நீளமாக அடித்தால் வீட்டுக்கு விடுகிற மணி என்பது அவருக்குத் தெரியாது. மற்ற வகுப்புகள் மடை திறந்தாற்போல் தெருவுக்குப் பாய்ந்தன. நாமகிரியின் பெருமாள்கள் பையோடு அவற்றை முந்திக்கொண்டு ஓடினார்கள்.

“எவன்டா அது மணி அடிச்சது? காதைத் திருகி...” என்று வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்த ஹெட்மாஸ்டர், சுத்தியல் இருந்த கையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

“நான்தான்” என்றார் இன்ஸ்பெக்டர், பிடிபட்ட பையனைப் போல. “உங்க பசங்க மணிக்கு நல்லாக் கட்டுப்படறாங்க.”

மூவரும் வகுப்புக்குள் வந்தார்கள். எல்லாம் போய்விட்டாலும் சுவரோரம் ஒரு பெருமாள் மிச்சம் இருந்தார். சேட்டு நிஜமாகவே தூங்கிப்போயிருந்தான். ஹெட்மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தார்.

“விடுங்க சார்” என்று இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். “அவர் மேல்மாடி.”

சுத்தியலை ஹெட்மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு நாமகிரியைப் பார்த்தார்.

“நல்ல டீச்சர்னு மானேஜர்கிட்ட நானே சொல்றேன். ஜூன்ல பள்ளிக்கூடம் தெறக்கும்போது மறக்காம அந்த மணியைக் கொண்டாங்கம்மா. ஆத்துலேர்ந்து.”

நாமகிரி தலையாட்டினாள். “ஆத்து... வீட்டுலேர்ந்து கொண்டுவரேன், சார்.”