அய்யாவு பெயரில் ஒரு கணினி

விஜயன் மலேசியாவில், கிள்ளானில் கல்யாண வீடியோ எடிட் செய்பவர். என் கடைக்குப் பக்கத்துக் கடை. பழைய கணினியில் வேண்டியதை வைத்துக்கொள்வார், வேண்டாததைத் தூக்கி எறிவார். எவனையும் கேட்க வேண்டியதில்லை. புதுப் பதிப்பு வர வர மென்பொருள் கம்பெனிக்காரர்கள் ஒவ்வொரு கதவாகச் சாத்தினார்கள். அப்டேட்டை நிறுத்த முடியாமல் போனது. கைக்குப் பழகிய மென்பொருளைப் பாதுகாப்பில்லை என்று கணினி திறக்க மறுத்தது. கடைசியாக வாங்கிய கணினியோ, இணையத்தில் கணக்குத் திறக்காமல் உள்ளேயே விடவில்லை. காசு கொடுத்தவன் வாசலில் நின்று பேர் சொல்ல வேண்டுமாம்! நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சொந்தப் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கேட்டது. குடும்பப் பெயருக்கு நாம் எங்கே போவது? அப்பா பெயரைத்தானே முன்னால் போடுவோம் என்று, முதல் கட்டத்தில் அய்யாவு, அடுத்ததில் விஜயன் என்று அடித்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் கணினி, இறந்துபோன அவர் அப்பாவுக்கு வணக்கம் சொன்னது. நாங்கள் சிரித்தோம்.

புனிதாவின் கல்யாணத்தை அதில்தான் எடிட் செய்துகொண்டிருந்தார். கல்யாணம் முடிந்த கையோடு அவள் அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். மகளை மணவறைக்குக் கைப்பிடித்துக் கூட்டிவந்ததுதான் அவர் கடைசியாக நடந்தது. முகூர்த்த மாதம் என்பதால், கேமரா கார்டுகளை அடுத்த கல்யாணத்துக்காக விஜயன் அழித்திருந்தார். ஒரு காலை அப்டேட் முடிந்து எழுந்த கணினி, நீலத் திரையில் சாவி எண் கேட்டது. இவரைக் கேட்காமலே கோப்புகள் இருக்கும் வட்டைப் பூட்டி, சாவியை அந்தக் கணக்கில் வைத்திருந்தது. தினமும் நான்கு இலக்க எண்ணில் திறந்தே பழகியதில், கணக்கின் கடவுச்சொல்லோ இவருக்கு மறந்துவிட்டது.

உதவி மையத்துக்கு அடையாள அட்டையை அனுப்பினார். கணக்கில் அய்யாவு, அட்டையில் விஜயன், பெயர் பொருந்தவில்லை என்றார்கள். "கணக்கு என்னோடதுதான். அய்யாவு என் அப்பா. அவர் இறந்துவிட்டார்" என்று விளக்கி எழுதினார்.

மறுநாள் பதில் வந்தது: "உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். காலமானவரின் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது."

விஜயன் திரும்பத் திரும்ப எழுதினார். கணக்கே இல்லை, அதில் இருந்த சாவியும் இல்லை என்றுதான் பதில் வந்தது.

சனிக்கிழமை புனிதா வந்தாள். "ஒரு வாட்டியாவது பாக்கணும்னு அப்பா கேட்டுக்கிட்டே இருக்காரு அண்ணே."

விஜயன் நடந்ததைச் சொன்னார். அவளுக்குப் புரியவில்லை.

"கம்ப்யூட்டர் உங்களோடதுதானே அண்ணே? தொறந்து குடுங்க லா."

"காசு குடுத்தது மட்டும்தான்மா நானு" என்றார் விஜயன்.