எண்ணியது நான்

நீ பொய் சொன்னாய். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய இடத்தில் சொன்னாய். நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஒரே பாட்டில், தாளத்தை எண்ணி எழுதியது நீ என்று எழுதி வைத்தாய். எண்ணியது நான்.

உனக்குத் தெரிந்த கதைதான். படிக்கிறவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

கல்லூரி முடிந்து இரண்டு பேருமே வேலை இல்லாமல் திரிந்த நாட்கள். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். என் வீடு காளவாசல். உன் வீடு திருப்பரங்குன்றத்தில், ரயில் பாதையை ஒட்டி. என்னிடம் ஒரு எலெக்ட்ரிக் கிடார் இருந்தது. உன்னிடம் ஒரு கீபோர்டும், உன் அப்பா சேலைக் கடைக்கு என்று வாங்கி நீ மாடிக்குத் தூக்கிக்கொண்டு போன கம்ப்யூட்டரும் இருந்தன. அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு. பிளாஸ்டிக் உறையில் விற்கிற திருட்டு சிடி. கடைசிக் கட்டத்தில் இரும்பு முகமூடி போட்ட ஒரு ராட்சசன் வருவான். பாஸ் என்போம். அவன் உயிர் பாதியாகக் குறைந்ததும் பின்னால் ஓடுகிற இசை மாறிவிடும். கோரஸும் வயலினும் முரசும் வந்து சேர்ந்துகொள்ளும். அந்த இசையைத்தான் நாம் மெட்டல் என்கிற முரட்டு ராக் வகையில் செய்யப் புறப்பட்டோம். சும்மா இரைச்சல் மெட்டல் இல்லை. புரோகிரசிவ். தாளம் நாலு நாலாகப் போகாமல் ஏழு, ஒன்பது என்று உடைந்து உடைந்து போகும் வகை. மதுரையில் அதைக் கேட்கிற ஆட்கள் நமக்குத் தெரிந்து நாம் இரண்டு பேர்தான்.

அந்த இசையைத் தனியாக எடுக்க நமக்கு வழி தெரியவில்லை. விளையாட்டுக்குள் போய்த்தான் கேட்க வேண்டும். பாஸ் செத்தால் இசை நின்றுவிடும். நாம் செத்தாலும் நின்றுவிடும். அதனால் ஒருத்தன் அவனைப் பாதி உயிருக்குக் கொண்டுவந்து, அதற்கு மேல் அடிக்காமல், தானும் அடி வாங்காமல், ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருத்தன் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணி எழுத வேண்டும். ஓடியது நீ. எழுதியது நான்.

"மாப்ள, செத்துராத. இன்னும் ரெண்டே சுத்து."

"ஒரு மணி நேரமா ரெண்டு சுத்துங்கிற. எழுதுறியா, படம் வரையிறியா? விரல் மரத்துப்போச்சுடா."

உன் அம்மா காபியோடு வந்து பின்னால் நின்று பார்த்தார். உன்னிடம் சௌராஷ்டிர மொழியில் ஏதோ கேட்டார். நீ பதில் சொல்லவில்லை, சொன்னால் செத்துவிடுவாய். அதனால் என்னிடம் தமிழில் கேட்டார்.

"ஏம்ப்பா, அம்புட்டு நேரமா அவன் வெரட்டுறான், இவன் ஓடுறான். ஒரு அடி திருப்பி அடிக்கக் கூடாதா? கையில கத்தி வச்சிருக்கான்ல?"

"அடிச்சா பாட்டு நின்னுரும்மா."

"நல்ல வெளையாட்டு" என்று சொல்லிவிட்டு டம்ளர்களை வைத்துவிட்டுப் போனார்.

பத்துப் பன்னிரண்டு நாள் இப்படி. நீ ஓட, நான் தட்டுகளை எண்ணினேன். பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு, அதன் பிறகு பதினொன்று. இசையின் ஒவ்வொரு சுற்றிலும் நாலாவது முறை ஒன்று குறைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இதைச் செய்தவன் மேதை என்றேன். முக்கால்வாசித் தூரம் சமமாக நடக்கவிட்டுக் கடைசியில் காலை வாருகிறான் பார் என்றேன். பாட்டு முழுவதையும் அந்தப் பதினொன்றின் மேல் கட்டினேன். கிடார், பேஸ், நடுவில் வரும் வேகமான பகுதி, எல்லாம்.

நீ ஒரு தடவை நிறுத்தினாய். பாஸ் உன்னை வெட்டிப் போட்டுவிட்டான், நீ கண்டுகொள்ளவில்லை.

"மாப்ள, அந்த எடத்துல சிடி டிரைவ் உறுமுதுடா. ஒவ்வொரு தடவையும் அங்கதான் உறுமுது. சிடியில கீறல் இருக்கும். பாட்டு தாவுது. வேற சிடி வாங்கிப் பாப்போம்."

டிரைவ் உறுமியது எனக்கும் கேட்டிருந்தது. விளையாட்டு அடுத்த காட்சியை எடுத்து வைக்கிறது என்று நினைத்திருந்தேன். நீ சொன்னதும் எனக்குச் சுருக்கென்று இருந்தது. அந்தச் சுருக்கை மறைக்கத்தான் அப்படிப் பேசினேன்.

"ஒனக்குக் காதே இல்லடா. பதினொன்ன வாசிக்க வரலைன்னு சொல்லு. கீறலாம், தாவுதாம்."

"வாசிக்க வரும்டா."

"அப்ப வாசி."

நீ வாசித்தாய். டிரம்ஸுக்கு ஆள் இல்லாததால் அதையும் கீபோர்டில் விரலால் தட்டிச் சேர்த்தாய். ஒரு இடத்திலும் பிசகவில்லை. ரயில் போகாத நேரமாகப் பார்த்துப் பதிவு செய்தோம். ஒரு டேக் மட்டும் நன்றாக வந்துகொண்டிருந்தபோது ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. திரும்ப வாசிக்கலாம் என்றேன். இதைவிட நல்லா வராது, இருக்கட்டும் என்றாய். இருந்துவிட்டது.

அடுத்த வாரம் எனக்கு ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. பாட்டை நீ ஏற்றுவதாக ஏற்பாடு. விளையாட்டு இசையை மாற்றி வாசிக்கிறவர்கள் போட்டு வைக்கிற வெளிநாட்டு வலைத்தளம். முகவரியை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தாய். ஒரு மாதம் கழித்து ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பார்த்தேன். பாட்டு இருந்தது. ரயில் ஹாரன் இருந்தது. என் பெயர் இல்லை. செய்தவர் என்ற இடத்தில் உன் பெயர் மட்டும். அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: தாளத்தை எண்ணி எழுதியதும் நானே.

அதற்குக் கீழே பத்துப் பதினைந்து பேர் கருத்து எழுதியிருந்தார்கள். எனக்கு ஆங்கிலம் வராது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வாசிக்க வரும். வாசிக்கவில்லை. நேரே கடைசிக்குப் போய், பெரிய எழுத்தில் திருடன் என்று எழுதினேன். கிடாரும் எண்ணிக்கையும் என்னுடையவை என்று எழுதினேன். அதோடு விட்டேனா? சேலை விற்கிற வீட்டுப் புத்தி பாட்டிலும் வந்துவிட்டது என்று எழுதினேன். உன் அம்மாவின் காபியை அத்தனை நாள் குடித்தவன் எழுதிய வரி அது.

நீ பதில் எழுதவில்லை. பதில் இல்லாததையே நான் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்துக் காளவாசல் சிக்னலில் உன் வண்டி என் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"என்ன மாப்ள, வேலையெல்லாம் எப்படிப் போகுது?"

"திருட்டுப்பயகிட்ட எனக்கென்ன பேச்சு?"

பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். நீ என்னையே பார்த்தாய். "சரி மாப்ள, வாரேன்" என்றாய். அவ்வளவுதான். அதன் பிறகு உன்னைப் பார்க்கவில்லை.

நாலு வருஷம் போன பிறகு அந்த விளையாட்டின் அசல் சிடி எனக்குக் கிடைத்தது. உன் வேலையை நான் செய்ய வேண்டியதாயிற்று. பாஸைப் பாதி உயிருக்குக் கொண்டுவருவேன். இரண்டு சுற்று ஓடுவதற்குள் செத்துவிடுவேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை செத்தேன். விரல் மரத்துப்போவது என்றால் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு வழியாக ஒரு முழுச் சுற்று உயிரோடு இருந்து எண்ணினேன். பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. டிரைவ் உறுமவில்லை.

அன்றே அந்தப் பக்கத்துக்குப் போய் எல்லாவற்றையும் மேலிருந்து வாசித்தேன். முதல் கருத்தை எழுதியவன் என்னைப் பெயர் சொல்லித் திட்டியிருந்தான். அப்படியானால் முதலில் என் பெயர் அங்கே இருந்திருக்கிறது. நீ போட்டிருக்கிறாய். எண்ணத் தெரியாதவன் கையில் ஏன் கிடாரைக் கொடுத்தீர்கள் என்று கேட்டிருந்தான். இரண்டாவது ஆள் சிரித்திருந்தான். மூன்றாவது ஆள், கீறல் விழுந்த சிடியைக் கேட்டு எழுதினார்களா என்று கேட்டிருந்தான். நாலாவதாக நீ எழுதியிருந்தாய். எண்ணியது என் நண்பன் இல்லை, நான்தான், பெயர்களைத் தவறாகப் போட்டுவிட்டேன், திருத்திவிட்டேன் என்று. அதன் பிறகு எல்லோரும் உன்னைத்தான் கிண்டல் செய்திருந்தார்கள். அந்தக் கிண்டல்களுக்குக் கடைசியில், அவர்களோடு ஒருவனாக, நான்.

திருப்பரங்குன்றத்துக்குப் போனேன். வீட்டில் வேறு ஆட்கள் குடியிருந்தார்கள். நீங்கள் எங்கே போனீர்கள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மாடி அறையைப் பார்க்கலாமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். உன்னை யார் கேட்டது? திட்டு எனக்கு வர வேண்டியது. வந்திருந்தால் நாலு நாள் குதித்திருப்பேன், உன் மாடிக்கு வந்து கத்தியிருப்பேன், வேற சிடி வாங்குடா என்று கடைசியில் நானே சொல்லியிருப்பேன். பாட்டைத் திருத்தியிருக்கலாம். ஒரே ஒரு தட்டுதான் சேர்க்க வேண்டியிருந்தது. சிக்னலில் அந்த ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவிடவில்லை. அதுவும் தெரியும்.

அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. புதிதாக யாரும் கருத்து எழுத முடியாதபடி பூட்டிவிட்டார்கள். என் வசையை நானே அழிக்க முயன்றேன், முடியவில்லை. பாட்டை ஏற்றியவன் மட்டும் கருத்துகளுக்கு மேலே உள்ள வரிகளை மாற்றலாம். அதாவது நீ. என் பக்கத்தை இங்கே அச்சில் சொல்லிவிட்டேன்: எண்ணியது நான், கீறலை மேதைமை என்று நினைத்தது நான், சொன்ன உன் வாயை அடைத்தது நான், உன்னைத் திருடன் என்றது நான். இது போதாது. அங்கே வந்து பாட்டைக் கேட்கிறவன் இதைப் படிக்கப் போவதில்லை.

அதனால் என் வீட்டுக்கு வராதே, கடிதம் எழுதாதே, போனில் பெருந்தன்மை காட்டாதே. அந்தப் பக்கத்துக்குப் போ. என் பெயரைத் திரும்பப் போடு. எண்ணியது யார், கீறலைக் கண்டுபிடித்தது யார், பொய் சொன்னது ஏன் என்று எல்லோரும் பார்க்க எழுது. நான் ஊரறியக் கேட்கிறேன். ஊரறியப் பதில் சொல்.