தோள் கொடுக்க மறந்த பெரியவர்

மிருகக்காட்சிச் சாலையில் கூண்டு கழுவச் சேர்ந்தவள், முழங்கால் தேய்ந்துபோன வயதில், கிழட்டுச் சிம்பன்சி ஒன்றை ஊசிக்குப் பழக்கிக்கொண்டிருந்தாள். அதற்குச் சர்க்கரை நோய். ஊழியர்களுக்கு அது ‘பெரியவர்’.

பெரியவர் தோளைக் கம்பியில் ஒட்டியதும் விசில் ஊதுவாள். உடனே ஒரு வேர்க்கடலை கொடுப்பாள். நாளடைவில், விசில் கேட்டாலே கடலை கைக்கு வந்துவிட்டதுபோல அதன் முகம் மலர்ந்தது. குச்சியால் தொட்டாள், பொறுத்துக்கொண்டது. ஊசியில்லாத சிரிஞ்சால் தொட்டாள், அதையும் பொறுத்துக்கொண்டது.

அந்தச் சமயத்தில் அவளுடைய அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து படுத்த படுக்கையானார். அவளுக்குத் தூக்கம் போயிற்று. வேலைக்கு வந்து சுவரோரம் சாய்ந்தால் பெரியவர் கதவை உதைத்துக் கத்தும்.

“இந்தா, தின்னுட்டுச் சும்மா இரு” என்று கடலையை அள்ளிப் போடுவாள்.

டாக்டர் ஊசியோடு வந்த அன்று பெரியவர் தோளைக் காட்டவில்லை. கதவை உதைத்துவிட்டுக் கையை நீட்டியது.

“என்னம்மா இது?”

“என் தப்புதான் சார். தோளுக்குக் குடுக்க வேண்டியதக் கத்தலுக்குக் குடுத்துட்டேன்.”

“மயக்க மருந்தெல்லாம் இந்த வயசுல தாங்காதே.”

“மறுபடி பழக்குறேன் சார்.”

இனி கத்தினால் எதுவும் கிடையாது. பெரியவர் முன்னைவிட அதிகமாகக் கத்தியது. தண்ணீரை வாயில் நிரப்பி அவள்மேல் துப்பியது. நனைந்த முதுகைக் காட்டியபடி அவள் உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, குடுத்துத் தொலைங்க. காது கிழியுது” என்றான் பக்கத்துக் கூண்டுக்காரன்.

“இப்பக் குடுத்தா, இவ்வளவு கத்தினாத்தான் கெடைக்கும்னு கத்துக்குவாரு.”

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மாவின் படுக்கை நனைந்திருந்தது. பகலில் பார்த்துக்கொள்ளும் தங்கை அடுத்த அறையில்தான் இருந்தாள்.

“ஏம்மா, கூப்பிடக் கூடாதா?”

“கூப்பிட்டா நீங்க ரெண்டு பேரும் ‘உச்’சுக் கொட்டுறீங்க. எதுக்கு வம்புன்னுதான்...”

அவள் விரிப்பை உருவினாள்.

பெரியவர் வழிக்கு வர இன்னும் பல நாளாயிற்று. ஒரு மத்தியானம், கத்திக் களைத்து, அதுவாகவே வந்து கம்பியில் சாய்ந்தது. தோள் பட்டதும் வறண்ட உதட்டோடு ஊதினாள். பாதிக் காற்றாக வந்தாலும் பெரியவருக்கு அது போதுமாயிருந்தது. கொஞ்ச நாளில் ஊசியும் போட்டாயிற்று.

அம்மாதான் இன்னும் கூப்பிடுவதில்லை. இவளாகவே அடிக்கடி எட்டிப் பார்த்து, “என்னம்மா வேணும்?” என்று கேட்கிறாள்.

“ஒண்ணும் வேணாம், நீ படு” என்கிறார் அம்மா. ஆனாலும் விரிப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவள் படுக்கிறாள்.