ஊதாத புடையன்

இன்றும் புல்லில் கால் வைக்குமுன் நின்று காது கொடுப்பேன். எந்தச் சத்தமும் கேட்காவிட்டால்தான் எனக்குப் பயம்.

ஐம்பதுகளில் மாத்தளையில் என் கடைக்குப் பின்னால் பாம்புத் தோல் வாங்கினேன். பெரும்பாலும் புடையன் எனும் கண்ணாடி விரியனின் தோல். அதன் முதுகிலுள்ள வட்டங்களுக்காகக் கொழும்பில் கைப்பை செய்பவர்கள் கேட்டு வாங்குவார்கள். மலைக்கு அப்பால் பல்லேகமப் பக்கத்துப் பாம்புப் பிடிகாரர்கள் பிடிக்கும் விதம் எளிது. புதரைத் தடியால் தட்டிவிட்டு அசையாமல் நிற்பார்கள். உள்ளே புடையன் இருந்தால் சைக்கிள் பம்ப் போல ஊதும். ஊதிய இடத்தில் கவைக்கோலால் அமுக்குவார்கள். ஊதாத புதரை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார்கள்.

என் தங்கையைப் பல்லேகமவில்தான் கட்டிக்கொடுத்திருந்தோம். காட்டை வெட்டி எரித்த சேனையில் அவளும் அவள் கணவரான மச்சானும் குரக்கன் என்னும் கேழ்வரகை விதைத்தார்கள். அண்ணனான என்னை 'நானா' என்று கூப்பிடும் அவளுக்குப் பாம்புப் பயம் அதிகம்.

"தட்டிப் பாரு தங்கச்சி. ஊதல்லன்னா பயப்படாம அறு" என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

வருடங்கள் போகப்போகத் தோல் வரத்துக் குறைந்தது.

"முதலாளி, தட்டித் தட்டிக் கைதான் வீங்குது. பாம்பெல்லாம் கொழும்புக்கு பஸ் ஏறிருச்சு போல!" என்றார் ஒரு பிடிகாரர்.

நானும் சிரித்தேன். பாம்பு தீர்ந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அறுபதுகளின் கடைசியில் ஓர் அறுவடைக் காலையில் தங்கையின் சேனையில் நின்றிருந்தேன். என் கண்முன்தான் நடந்தது. அவள் தட்டினாள், காத்திருந்தாள். சத்தமே இல்லை. குனிந்து கதிரைப் பிடித்தாள். பிறகு கையை உதறிக்கொண்டு என்னைப் பார்த்தாள். மச்சான் தடியால் அடித்தபோதும் அந்தப் புடையன் ஊதவில்லை.

மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், லொறி ரிவர்ஸ்டன் மலை ஏறும்போது மூடுபனியில் பாதை தெரியவில்லை. அவள் பல் ஈறில் இரத்தம் கசிந்தது.

"அவட கண்ண மூட வுடாதீங்க!" என்று மச்சான் என்னிடம் கத்தினார்.

"நானா, நான் தட்டினேன் தானே? ஊதல்லயே" என்றாள் அவள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் கல்லூரியில் உயிரியல் படித்தவன். ஊதியவற்றையெல்லாம் வருடக்கணக்காகப் பிடித்துத் தோலுரித்தோம். ஊதாதவை தப்பிப் பிழைத்துக் குட்டி போட்டன. குட்டிகளும் தாயைப் போலவே வாய் திறக்காமல் கிடந்தன. இதை நான் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த லொறியில், அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அதுதான் நடந்திருக்கிறது என்று நம்பினேன். இன்றும் நம்புகிறேன். அந்த ஊமைப் பாம்புகளை உண்டாக்கியதில் என் காசுக்கும் பங்குண்டு. அவற்றிடம் என் தங்கையை அனுப்பியதும் என் சொல்தான்.

அல்லாஹ்வின் கிருபையால் அவள் பிழைத்தாள். நான் தோல் வாங்குவதை நிறுத்தினேன். ஆனால் காட்டில் கிடந்தவற்றை என்ன செய்ய முடியும்?

அடுத்த அறுவடைக்கும் அவள் சேனையில் இறங்கினாள்.

"இனி அந்தத் தட்டுறத நம்பாத" என்றேன்.

"அப்ப எத நானா நம்புறது? கதிரு தானா வீட்டுக்கு வருமா?" என்று சிரித்தாள்.

அவள் தட்டினாள். முன்பெல்லாம் அந்தச் சீறலைக் கேட்டால் பயந்து பின்வாங்குவேன். அன்று சேனை ஓரத்தில் நின்றுகொண்டு, எங்காவது ஒன்று ஊதாதா என்று அல்லாஹ்விடம் துஆ கேட்டேன். சேனை அமைதியாகக் கிடந்தது. அவள் கையை உள்ளே விட்டாள்.